வளர்ப்பவர் யார்? காப்பாளர் யார்?

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் தாத்தாவும் பாட்டியும் ஆற்றிவரும் பணி அளவிடற்கரியது. கணவனும் மனைவியும் வேலைக்குச் சென்றபின் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி, மாலையில் அழைத்து வந்து, தமிழ் எழுத்துக்களைச் சொல்லிக்கொடுப்போர் அவர்களே. மகன் வளைகுடா நாட்டிலும் மருமகள் வேறொரு நகரிலும் உழைக்க, பேரனைத் தம்மிடம் வைத்துப் படிக்கவைப்போர் பலர். பெற்றோர் இருவரையும் இழந்துவிட்ட குழந்தையை, எழுபது வயதில் மீண்டும் ஒருமுறை தோளில் சுமப்போரும் நம்மிடையே உளர்.

அவர்களது அன்பைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. ஆயினும், "இக்குழந்தைக்கு நீங்கள் யார்?" என்று வங்கியிலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் கேட்கப்படும்போது, "தாத்தா" என்ற விடை எல்லா இடங்களிலும் போதுவதில்லை. போதும் இடம் எது, போதாத இடம் எது என்பதை இடர் நேருமுன்பே அறிந்துகொள்வது நன்று. அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு சொற்கள்

சட்டத்தில் இரண்டு சொற்களை நாம் ஒன்றாகவே எண்ணி மயங்குகிறோம். ஒன்று, 'கஸ்டடி' எனப்படும் வளர்ப்புப் பொறுப்பு. குழந்தை யாருடன் வாழ்கிறது, யார் கையால் உண்கிறது, நாள்தோறும் அதனைக் கவனிப்பவர் யார் என்பவற்றைக் குறிப்பது அது. மற்றொன்று, 'கார்டியன்' எனப்படும் காப்பாளரின் உரிமை. குழந்தையின் சார்பில் கையொப்பமிடவும், அதன் உடைமைகளை நிர்வகிக்கவும், அதன் வாழ்வைப் பற்றிய பெரிய முடிவுகளைச் செய்யவும் சட்டம் எவருக்கு அதிகாரம் தந்துள்ளதோ அவரே காப்பாளர்.

பெரும்பாலான குடும்பங்களில் இவ்விரண்டும் பெற்றோரிடமே சேர்ந்திருத்தலின் வேறுபாடு புலப்படுவதில்லை. குழந்தை தாத்தா பாட்டியிடம் வந்து சேரும்போதுதான் அவை பிரிகின்றன. பொறுப்பு பாட்டியின் கைக்கு வந்துவிடுகிறது. அதிகாரமோ பெற்றோரிடமே நின்றுவிடுகிறது. பெற்றோர் இல்லையெனில் எவரிடமும் இல்லாமற் போகிறது.

இந்துக்களுக்கும், சமணர், பௌத்தர், சீக்கியருக்கும் உரியது 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டம். அதன் 6-ஆம் பிரிவு, குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது. 'அவருக்குப் பின்' என்ற தொடர் தந்தை இறந்த பின்னரே என்று நெடுங்காலம் பொருள் கொள்ளப்பட்டது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1999-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அப்பொருளை மாற்றியது. தந்தை எக்காரணத்தினாலேனும் குழந்தையின் பொறுப்பில் இல்லாதபோது, அவர் உயிருடன் இருப்பினும், தாயே காப்பாளராகலாம் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் அப்பிரிவில் தாத்தாவும் பாட்டியும் இடம்பெறவில்லை. அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு இன்னும் கண்டிப்பானது. நடைமுறையில் காப்பாளராக இருந்து வளர்த்துவருகிறார் என்ற காரணத்தை மட்டும் கொண்டு, எவரும் இளவரின் சொத்தை விற்கவோ வேறுவகையில் கையாளவோ அது இடந்தரவில்லை. பதினைந்து ஆண்டு வளர்த்த பாட்டிக்கும் இவ்விதி பொருந்தும்.

இசுலாமியக் குடும்பங்களில் நிலை சற்று வேறு. தந்தையும், அவர் தம் உயிலில் குறித்தவரும் இல்லாதபோது, தந்தைவழித் தாத்தா குழந்தையின் உடைமைக்குச் சட்டக் காப்பாளராகும் மரபு அச்சட்டத்தில் உண்டு. சிறு குழந்தையை வளர்க்கும் பொறுப்போ தாய்க்குப் பின் தாயின் தாய்க்கு உரியதாகிறது. வளர்ப்பு வேறு, காப்பாளர் நிலை வேறு என்பதை அம்மரபு தெளிவாகவே பிரித்துக் காட்டுகிறது.

எம்மதத்தினராயினும், காப்பாளரை நீதிமன்றம் நியமிக்க வேண்டுமாயின் அதற்கு வழி வகுப்பது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். 'கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் ஆக்ட்' என வக்கீல்கள் கூறுவது இதனையே.

வளர்ப்புப் பொறுப்பே போதுமான இடங்கள்

ஒவ்வொரு காரியத்திற்கும் நீதிமன்றம் செல்லவேண்டுமோ என்று முதியோர் அஞ்ச வேண்டுவதில்லை. அன்றாடத் தேவைகள் பலவற்றிற்கு வளர்ப்புப் பொறுப்பே போதும்.

முதலாவது பள்ளி. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், குழந்தையைத் தம் பராமரிப்பிலும் பொறுப்பிலும் வைத்திருப்பவரையும் 'காப்பாளர்' என்றே ஏற்கிறது. ஆகவே 6 முதல் 14 வயதுவரையுள்ள பேரக்குழந்தையை, அச்சட்டத்திற்கு உட்பட்ட பள்ளியில் சேர்க்கத் தாத்தாவிடம் நீதிமன்ற ஆணை கேட்பது முறையன்று. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுத்தலும் கூடாது. ஊர்விட்டு ஊர் வரும் நம் குழந்தைகளுக்கு மற்றொரு விதியும் துணைநிற்கிறது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடலாகாது.

இரண்டாவது மருத்துவம். 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயலுக்குக் காப்பாளரோ, 'சட்டப்படி அக்குழந்தையைப் பொறுப்பில் கொண்டவரோ' தரும் ஒப்புதலை ஏற்கிறது. பெற்றோர் மனமுவந்து ஒப்படைத்த குழந்தை தாத்தா பாட்டியின் சட்டப்படியான பொறுப்பில் உள்ளதே. எனினும் பெரிய அறுவை மருத்துவத்திற்குப் பெற்றோரின் எழுத்து ஒப்புதலை மருத்துவமனைகள் கேட்பதுண்டு. அதனை முன்னரே வாங்கி வைத்திருத்தல் நலம்.

மூன்றாவது அரசின் உதவி. பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் ஏழைக் குழந்தைகளுக்கு, 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின்கீழ் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழியுண்டு. குடும்ப வருமானத்திற்கு வரம்பு உண்டு. இதற்கு அணுகவேண்டிய இடம் நாம் வாழும் மாவட்டத்தின் குழந்தைப் பாதுகாப்பு அலகு.

பொறுப்பு மட்டும் போதாத இடங்கள்

பணமும் சொத்தும் வரும் இடத்தில் நிலைமை மாறுகிறது. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவுரைப்படி, எவ்வயதுச் சிறுவருக்கும் இயற்கைக் காப்பாளர் அல்லது சட்டக் காப்பாளர் மூலம் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். 10 வயது நிறைந்த சிறுவர், வங்கி விதிக்கும் வரம்புக்குள் தாமே கணக்கை நடத்தலாம். ஆறு வயதுப் பேத்திக்குக் கணக்குத் தொடங்க விழையும் பாட்டி இவ்விரு வகையிலும் அடங்குவதில்லை. நீதிமன்ற ஆணை பெற்றால் சட்டக் காப்பாளர் ஆகிறார்.

பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் இது நேரடியாகவே வெளிப்பட்டது. பேத்தியின் எதிர்காலத்தைக் கருதித் தாத்தா பாட்டிமார் பலர் தம் பெயரைக் காப்பாளராகக் கொடுத்து இக்கணக்குகளைத் தொடங்கியிருந்தனர். சட்டக் காப்பாளர் அல்லாதார் தொடங்கிய அத்தகைய கணக்குகளைப் பெற்றோர் பெயருக்கோ சட்டக் காப்பாளர் பெயருக்கோ மாற்றவேண்டும் என்று 2024-இல் மத்திய நிதியமைச்சகம் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. இன்னும் மாற்றாமல் வைத்திருப்போர் அஞ்சலகத்தையோ வங்கியையோ அணுகி முறைப்படுத்திக்கொள்ளுதல் வேண்டும்.

இறந்த மகனின் வைப்பு நிதியும் காப்பீட்டுத் தொகையும் சிறுவர்க்கு வரும்போது, தாயும் இல்லையாயின், பணத்தைப் பெற்றுக்கொள்பவரின் அதிகாரத்திற்குச் சான்று கேட்கப்படும். ஊரிலுள்ள பூர்விக வீட்டில் பேரனுக்குப் பங்கிருந்து, அப்பங்கை விற்கவேண்டிய நிலை நேர்ந்தாலும் அவ்வாறே. பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருப்பின் அவர்களது ஒப்புதலும், இல்லையெனில் காப்பாளரை நியமித்த ஆணையும் தேவைப்படும்.

பெற்றோர் உயிருடன் இருக்கையில்

இங்கேதான் முதியோர் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். "இத்தனை ஆண்டு வளர்த்த எங்களைவிட வேறு யாருக்கு உரிமை?" என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தந்தையோ தாயோ உயிருடனிருந்து, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, குழந்தையின் உடலுக்கு வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க இடந்தரவில்லை. அப்பிரிவில் 'தந்தை' என்று மட்டும் இருந்ததைத் 'தந்தை அல்லது தாய்' என விரித்தது 2010-ஆம் ஆண்டின் திருத்தம்.

இவ்வகை வழக்குகளில் நீதிமன்றங்கள் எவ்வாறு எண்ணுகின்றன என்பதை மூன்று தீர்ப்புகளால் அறியலாம். 2008-இல் முடிவுற்ற கொல்கத்தா வழக்கொன்றில் தாய் இறந்துபோனாள். அச்சாவு தொடர்பாகத் தந்தைமீது குற்ற வழக்கு இருந்தது. கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் சிறுவனைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொல்லின. உச்ச நீதிமன்றம் அச்சிறுவனின் விருப்பத்தையும் கருத்திற்கொண்டு, அவனைத் தாய்வழித் தாத்தா பாட்டியிடமே விட்டது.

2022-இல் வந்தது அகமதாபாத் வழக்கு. 2021-இன் கொரோனாத் தொற்றில் பெற்றோர் இருவரையும் சில வாரங்களுக்குள் இழந்த சிறுவனைத் தந்தைவழித் தாத்தா பாட்டி கேட்டனர். தாயின் சகோதரியும் கேட்டார். தாத்தாவின் முதுமையையும் ஓய்வுக்கால வருமானத்தையும் காட்டிச் சிறுவனைத் தாயின் சகோதரியிடம் ஒப்படைத்தது உயர் நீதிமன்றம். வயதும் வருமானமும் பெரிய குடும்பமும் மட்டுமே அளவுகோல் ஆகா என்று கூறி, உச்ச நீதிமன்றம் அவனைத் தாத்தா பாட்டியிடம் சேர்ப்பித்தது. முதுமை ஒரு குறையென்று எண்ணி மனந்தளரும் பெரியோர்க்கு இத்தீர்ப்பு ஆறுதலாகும்.

2025 பிப்ரவரியில் வந்த தீர்ப்போ மறுபக்கத்தைக் காட்டுகிறது. தாய் இறந்தபின் தாய்வழித் தாத்தாவிடம் வளர்ந்த சிறுவனைத் தந்தை கேட்டார். தந்தைமீது தகுதியின்மை எதுவும் மெய்ப்பிக்கப்படாத நிலையில், இயற்கைக் காப்பாளரான அவரைவிடத் தாத்தா பாட்டிக்கு மேலான உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் சிறுவனை உடனே பிரித்தெடுக்கவில்லை. படிப்பாண்டு முடியும்வரை அவன் தாத்தாவிடம் இருக்கவும், அதற்கிடையே தந்தை வந்து பழகவும் வழிசெய்தது.

மூன்றிலும் அளவுகோல் ஒன்றே: குழந்தையின் நலன். வளர்த்தவரின் உழைப்புக்குப் பரிசாகக் குழந்தையை எந்த நீதிமன்றமும் தருவதில்லை. அவ்வுழைப்பினால் குழந்தைக்கு எத்தகைய பாதுகாப்பும் பிணைப்பும் கிட்டியுள்ளன என்பதையே அது பார்க்கிறது. மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. பின்னைய இரு வழக்குகளும் ஆட்கொணர்வு மனுக்களாகத் தொடங்கியவை. அத்தகைய மனு, குழந்தை யாரிடம் இருக்கவேண்டும் என்பதைத்தான் தீர்க்கும். பணத்திற்கும் சொத்திற்கும் கையொப்பமிடும் அதிகாரம் வேண்டுவோர் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியே நியமனம் பெறுதல் வேண்டும்.

மனு எங்கே, எவ்வாறு?

குடிபெயர்ந்த நம்மவர்க்கு இதுவே முதல் ஐயம். மகன் மும்பையில் இறந்தான்; பூர்விகம் திருநெல்வேலி; குழந்தை இப்போது தாத்தாவுடன் மும்பையிலேயே படிக்கிறது எனக் கொள்வோம். மனு எவ்வூர் நீதிமன்றத்திற்குப் போகவேண்டும்? குழந்தையின் உடலுக்கான காப்பாளர் நியமனத்தை, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றமே விசாரிக்கும்; ஆகவே மும்பை. சொத்துக்கான நியமனத்தை, குழந்தை வசிக்கும் இடத்திலோ சொத்து உள்ள இடத்திலோ கேட்கலாம். குழந்தையின் உடலைப் பற்றிய மனுவைக் குடும்ப நீதிமன்றமும், அஃதில்லாத ஊர்களில் மாவட்ட நீதிமன்றமும் ஏற்கும். சொத்தைப் பற்றியது மாவட்ட நீதிமன்றத்திற்கு உரியது.

குழந்தையின் வயது, பால், மதம், மனுதாரரின் குணம், தகுதி, உறவின் நெருக்கம், இறந்த பெற்றோரின் விருப்பம் ஆகியவற்றை 17-ஆம் பிரிவின்படி நீதிபதி ஆராய்வார். தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லும் பருவம் எய்திய குழந்தையாயின் அதன் சொல்லும் கேட்கப்படும். தீர்ப்பு வருமுன் குழந்தையின் பாதுகாப்புக்கென இடைக்கால ஆணை பெறவும் வழியுண்டு.

பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பள்ளிக் கட்டண ரசீதுகள், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றைத் திரட்டி வைக்கவேண்டும். தமிழ்நாட்டில் பெற்ற சான்றுகள் தமிழில் இருப்பின், அவற்றின் மொழிபெயர்ப்பும் தேவைப்படும். வக்கீல் கட்டணத்தை எண்ணி மலைப்போர்க்கு ஒரு செய்தி: 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. பாட்டியே மனுதாரராகலாம்.

ஆணை பெற்றபின்

நீதிமன்ற நியமனம் அதிகாரத்தோடு கடமையையும் தருகிறது. குழந்தையின் உணவு, உடல்நலம், கல்வி அனைத்திற்கும் காப்பாளரே பொறுப்பு. அசையாச் சொத்தை முன் அனுமதியின்றி விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுதலும் கூடாது. நீதிமன்றம் கேட்பின், ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலை ஒப்படைக்க வேண்டும்.

நம்மவர் தனியே குறித்துக்கொள்ள வேண்டியது 26-ஆம் பிரிவு. நீதிமன்றம் நியமித்த காப்பாளர், விதிகளில் கூறிய காரியங்களுக்கன்றி, குழந்தையை அந்நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே அதன் அனுமதியில்லாமல் கொண்டுபோகலாகாது. மதுரையில் ஆணை பெற்ற பாட்டி, மகள் வீட்டோடு சேர்ந்து வாழத் தில்லிக்குப் பேரனை அழைத்துச் செல்ல எண்ணினால், முதலில் மதுரை நீதிமன்றத்தின் இசைவைப் பெறவேண்டும். பொதுவான அனுமதியாகவே கேட்டுப்பெறவும் இடமுண்டு. ஆகவே குடும்பம் எங்கு நிலைத்து வாழப்போகிறது என்பதை முடிவு செய்தபின் மனுச்செய்வது அறிவுடைமை.

தாத்தா, பாட்டி இருவரும் கூட்டுக் காப்பாளராக நியமனம் பெறுவார்களாயின், ஒருவர் மறைந்தாலும் மற்றவரின் உரிமை தொடரும். முதியோர்க்கு இது மிகவும் பயன்படுவது. குழந்தைக்கு 18 வயது நிறையும்போது காப்பாளர் பணி முடிகிறது. நீதிமன்றக் காப்பில் இருந்தோர்க்கு 21 என்று இருந்த பழைய விதி 1999-ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீங்கிவிட்டது.

இப்போதே செய்யத்தக்கவை

பெற்றோர் நலமுடன் இருக்கும் வீடுகளில் நீதிமன்றத்திற்கு வேலையில்லை. சில தாள்களுக்கு வேலையுண்டு. வெளிநாடு செல்லும் பெற்றோர், குழந்தையைத் தாத்தா பாட்டியின் பொறுப்பில் விட்டதையும், பள்ளி, மருத்துவக் காரியங்களில் அவர்கள் முடிவெடுக்கலாம் என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டு, நோட்டரியின் சான்று பெற்று வைக்கலாம். வெளிநாட்டிலிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்புவோர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெறுக. அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைக் கட்டணம் செலுத்துக. இத்தாள்கள் எவரையும் சட்டக் காப்பாளர் ஆக்கிவிடா; ஆனால் குழந்தை சட்டப்படி யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதற்குச் சான்றாகும்.

அடுத்தது உயில். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, தமக்குப்பின் குழந்தைக்குக் காப்பாளர் யார் என்பதை உயிலில் குறிக்கப் பெற்றோர்க்கு உரிமை தருகிறது. தந்தை குறித்த நியமனம் தாய் உயிருடன் உள்ளவரை செயற்படாது. தாயும் தம் உயிலில் எவரையும் குறிக்காமல் மறைந்தால் அது உயிர்பெறும். எனவே கணவன், மனைவி இருவரும் கலந்து பேசித் தனித்தனியே எழுதிவைப்பது நல்லது.

காப்பீட்டுப் பாலிசியில் சிறு குழந்தையை வாரிசாகக் குறித்திருப்போர், அதன் இளமைக்காலத்தில் தொகையைப் பெற்றுக்கொள்பவராகத் தாத்தாவையோ பாட்டியையோ அப்பாலிசியிலேயே பதிவு செய்யலாம். 'அப்பாயிண்டீ' எனப்படும் அந்த ஒருவரிப் பதிவு, பின்னாளில் பெரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

இவற்றைப் பேசுவது அமங்கலம் என்று ஒதுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பேசாமல் விட்டதன் சுமை இறுதியில் இறங்குவதோ முதியோர் தோளிலும் குழந்தையின் தலையிலும்தான். உற்றார் சூழ்ந்த சொந்த ஊராயின் நான்கு பேர் வந்து துணைநிற்பர். மொழியும் வேறு, ஊரும் வேறான இடத்தில் நமக்குத் துணை, முன்னரே எழுதிவைத்த தாள்களே. வரும் விடுமுறையில் குடும்பத்தார் ஒன்றுகூடும்போது, பெற்றோரும் பெரியோரும் அரைமணி நேரம் அமர்ந்து இதனைப் பேசி முடிப்பார்களாக. சான்றுகளை மொழிபெயர்க்கவும், சட்ட உதவி மையத்திற்கு வழிகாட்டவும், அவ்வூர் மொழி அறிந்த இளைஞர்கள் நம் சங்கங்களில் முன்வருவார்களாயின், அது தனித்து நிற்கும் பாட்டிமார்க்குச் செய்யும் பேருதவியாகும்.